சிவப்புச் சேவல் போன பிறகு

முதலில் இறக்கையைப் பட்டென்று ஒருமுறை அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டதும் ஓடாவிட்டால் கெண்டைக்காலில் அதன் கால்முள் இறங்கிவிடும். திருவொற்றியூரில் தண்டவாளத்தை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்குள் யார் வந்தாலும் மூங்கில் தட்டிக் கதவைத் திறந்து, கோழி மேயும் மண்தரையைத் தாண்டித்தான் வரவேண்டும். அங்கே சிவப்புச் சேவல் நிற்கும்.

ஐந்தாவதோடு என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்திய வருஷம் அது. நானாகப் போய் யாரிடமும் பேசமாட்டேன். எதிர்வீட்டுச் செல்வி மட்டும் பழக்கம். அவள் ஆறாவதுக்குப் போய்விட்டாள். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் தைரியமாக, விளையாட வரச் சொன்னேன். "உன் வூட்டுக்கு எப்டி வர்றது? உங்க சேவல் கொத்துமே" என்றாள்.

அப்போது எங்களிடம் சேவல் இரண்டாகிவிட்டது. வயசுக்கு வந்த கறுப்புச் சேவலைச் சிவப்பு துரத்தித் துரத்தி ரத்தம் வரக் கொத்தியது. "ஒரு வூட்ல ரெண்டு ஆம்பள கீறதே பேஜாரு, இதுல ரெண்டு சேவலா? கறுப்ப அறுத்துடலாம். அது வாயில்லாதது, இவளாட்டம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள் அம்மா. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலையிலிருந்த நைனாவும் தலையாட்டினார். அவருக்குச் சிவப்பு என்றால் உயிர்.

"சிவப்ப அறுங்க" என்றேன். அதுவரை நான் வாய்திறந்து எதையும் கேட்டதில்லை என்பதாலோ என்னவோ, இருவரும் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அறுத்தார். "காவலுக்கு இனிமே நீயே நில்லு" என்றார் என்னிடம். ஒரு கிண்ணம் கறியை நானே செல்வி வீட்டுக்குக் கொண்டுபோனேன். "சேவல் இல்ல. இனிமே வர்லாம்" என்றேன். அவள் கிண்ணத்தைத் திறந்து முகர்ந்தபடியே, "வரேன் வரேன்" என்றாள்.

மறுநாள் கோழி எச்சத்தையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு, குச்சியால் பாண்டிக் கட்டம் கீறிவைத்தேன். மத்தியானத்துக்குள் கோழிகள் கிளறிக் கலைத்துவிடும், மறுபடி கீறுவேன். "இன்னாத்துக்குடி தினம் தரையக் கீறிகினே கீற?" என்றாள் அம்மா. பள்ளிவிட்டு வரும் பெண்களோடு செல்வி சிரித்துக்கொண்டு போகும் சத்தம் சாயங்காலம் சாயங்காலம் கேட்கும். தட்டிக் கதவை யாரும் திறக்கவில்லை. கறுப்புச் சேவல் மட்டும் கட்டத்துக்குள் நின்று என்னைப் பார்க்கும். சிவப்பு இருந்தவரை, யாரும் வராததற்கான பழியை அதன்மேல் போட்டுவிட முடிந்தது.

இன்று அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. நான் குடியிருக்கும் நாலாவது மாடிக்கு எந்தச் சேவலின் கூவலும் எட்டுவதில்லை. அம்பத்தூரிலிருந்து மகள் வாரம் தவறாமல் போன் செய்கிறாள். "லிப்டு வேற ரிப்பேரு, என் முட்டி வலியோட நாலு மாடி எப்டிம்மா ஏர்றது?" என்கிறாள்.

"ஆமாம்மா, கஷ்டம்தான்" என்கிறேன்.

லிப்டு ஓட ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அவளிடம் நான் சொல்லவில்லை.