பக்கத்து ஆன்டெனா சுட்ட ரிசீவர்

காலடிப்பேட்டையில் வசிக்கும் நானும் கணவரும் லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். புயல் ஓய்ந்த காலையில் செல்போன்கள் வேலை செய்யவில்லை. எண்ணூரிலிருந்த என் தங்கையைப் பற்றி அங்குள்ள ரேடியோ நண்பரிடம் விசாரிக்க நினைத்தோம். காற்றில் சாய்ந்திருந்த தன் டிரான்ஸ்மிட்டர் ஆன்டெனாவைக் கணவர் அவசரமாக என் ரிசீவரின் ஆன்டெனா கம்பத்திலேயே கட்டினார். அவர் மைக்கை அழுத்திப் பேசியதும் என் ரிசீவர் ஊமையானது.

“இன்னாங்க ஆச்சு?”

“நம்ம செட்டு பவரே பக்கத்து ஆன்டெனா வழியா உன் ரிசீவர் உள்ள பூந்து சுட்டுட்ச்சும்மே!”

பதறிவிட்டேன். நல்லவேளை, அவருடைய செட்டிலேயே பதிலையும் கேட்கலாம். சற்று நேரத்தில் நண்பரின் குரல் வந்தது: “தங்கச்சி ஸ்கூல் கேம்ப்ல பத்திரமா கீது, பயப்படாத.” அப்போதுதான் அழுதேன்.

இப்போது இரண்டு ஆன்டெனாக்களும் மாடியின் எதிரெதிர் மூலைகளில் இருக்கின்றன. ரிசீவரை அணைத்து வைத்தாலும் ஆன்டெனா வழியே பவர் உள்ளே வரும் என்பதால், அவர் பேசுமுன் ஆன்டெனா ஒயரையே கழற்றிவிடுகிறேன்.