கப்பல் அறைக்குப் பரஸ்தானம்

நானும் என் மனைவியும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் கடல் தாண்டிப் போனோம். யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்னால், ஒரு மாசி மாதம், நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்குப் போனோம். அந்த வருஷத்து டைரி இப்போது என் மேஜைமேல் விரிந்திருக்கிறது. கப்பல் ஏறிய வியாழக்கிழமைப் பக்கத்தில், காலை நான்கு ஐம்பதுக்குச் சத்திரத்தில் எழுந்ததிலிருந்து மாலை கரை மறைந்தது வரை பதினான்கு பதிவுகள் உள்ளன. அவற்றில் பதின்மூன்று சரியானவை. மீதி ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது நான் மேலூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வீடு ஆரப்பாளையத்தில். பஸ் எப்போது வந்தது, எப்போது நகர்ந்தது, மேலூரில் எப்போது இறங்கினேன் என்பதையெல்லாம் குறித்து வைப்பது என் பழக்கம். என் மனைவி சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்தக் கிழமையில் ராகு காலம் எப்போது வரும் என்பது விரல் கணுக்களில் இருந்தது. நான் கடிகாரம் பார்ப்பேன், அவள் நேரம் பார்ப்பாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இந்த இரண்டுக்கும் பெரிய சண்டை வந்ததில்லை.

பினாங்கில் இருந்தது எங்கள் ஒரே மகள். முந்தைய தடவை ஏழாம் மாதத்தில், வழக்கப்படி தாய்வீட்டுக்குப் பேறுகாலத்துக்காகக் கப்பல் ஏறி வந்தாள். வந்த நான்காம் நாள் குறைமாதத்தில் பிள்ளை பிறந்து தங்காமல் போயிற்று. அவள் அங்கே கப்பலுக்குள் காலை வைத்தது ராகு காலத்தில் என்பது பிற்பாடு பேச்சுவாக்கில் தெரியவந்தது. என் மனைவி அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மனத்தில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை, மகள் அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தாய்வீடு அவளிடம் போவது என்று முடிவாயிற்று. மாமியார் கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுக்கக்கூடாதென்று மாப்பிள்ளை அறையோடு சேர்த்து டிக்கெட் அனுப்பியிருந்தார்.

டிக்கெட்டோடு வந்த காகிதத்தில், பயணிகள் பகல் பதினோரு மணி முதல் கப்பலில் ஏறலாம் என்று இருந்தது. அன்று வியாழக்கிழமை. ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று வரை. ஆகவே பதினொன்று பத்துக்கு ஏறுவது, பதினொன்று இருபதுக்கு அறைக்குள் நுழைவது என்று நான் திட்டம் போட்டு, டைரியில் பென்சிலால் முன்கூட்டியே எழுதியும் வைத்துவிட்டேன். அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கணுக்களை எண்ணிப் பார்த்து, சரி என்றாள்.

மதுரையில் ரயில் ஏற வேண்டிய நாள் செவ்வாய். செவ்வாயில் வீட்டைவிட்டுப் புறப்படுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அதற்கும் வழி இருக்கிறது. நல்ல நாளில் நல்ல நேரத்தில், பயணத்தில் கொண்டுபோகும் சாமான் ஒன்றை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், ஆளும் அப்போதே புறப்பட்டதாக அர்த்தம். பிறகு என்றைக்கு வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொண்டு போகலாம். இதற்குப் பரஸ்தானம் என்று பெயர். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அவள் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எதிர்வீட்டில் வைத்தாள். அதில் ஒரு பிடி அரிசி, இரண்டு மஞ்சள் கிழங்கு, அவள் ஊர் வெற்றிலையில் ஒரு கவுளி, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன என் பழைய வேட்டி ஒன்று. வேட்டி, பிறக்கப்போகும் பிள்ளையைப் பொதிவதற்கு.

வியாழக்கிழமை கப்பல் ஏறும்வரை எல்லாம் திட்டப்படி நடந்தது. கப்பல் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் போட்டிருந்தது. படகில் போய், ஏணியில் ஏறி, மேல்தளத்தில் நின்றோம். டைரியின்படி அப்போது மணி பதினொன்று பன்னிரண்டு. அங்கே ஒரு கித்தான் பந்தலின் கீழ் பெஞ்சுகளைக் காட்டி உட்காரச் சொன்னார்கள். அறைகளுக்குப் போகும் வழியில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அப்பால் ஆட்கள் வாளியும் துடைப்பமுமாகப் போய்வந்துகொண்டிருந்தார்கள். அழுக்கு விரிப்புகள் ஒரு மூலையில் மலைபோலக் கிடந்தன.

பதினொன்று இருபது ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டும் ஆயிற்று. என் மனைவி பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பார்த்தபடி இருந்தாள். நான் எழுந்து போய் ஒரு உத்தியோகஸ்தரிடம் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு விரல்களைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பேச்சைக் கேட்டுப் பக்கத்து பெஞ்சில் இருந்த ராவுத்தர் ஒருவர் திரும்பினார். பூர்வீகம் மதுரை. பினாங்கில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருந்தார். இது அவருக்குப் பதினோராவது பயணம். அந்த இரண்டு விரல்களுக்கு அவர்தான் விளக்கம் சொன்னார்.

"அண்ணே, கப்பல்ல ஏத்துறது ஒரு நேரம், ரூம்பு குடுக்குறது ஒரு நேரம். மெட்ராஸ்ல இருந்து வந்தவுக இப்பத்தான் எறங்கிப் போறாக. கழுவித் தொடைச்சு, விரிப்பு மாத்தி, ரெண்டு மணிக்கு முன்னாடி சாவியக் கண்ணுல காட்ட மாட்டாய்ங்க."

இரண்டேகாலுக்குத் துறைமுக டாக்டர் அறை அறையாக வருவார் என்றும், அப்போது அவரவர் அறையில் இல்லாதவர்களைச் சோதனை ஆகாதவர்கள் என்று இறக்கிவிட்டுவிடுவார்கள் என்றும் அவர் சொன்னார். மூன்று மணிவரை வெளியிலேயே உட்கார்ந்திருக்கலாமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வழி அதோடு அடைபட்டது.

ஏறும் நேரத்தையும் அறை கிடைக்கும் நேரத்தையும் ஒன்று என்று எடுத்துக்கொண்டது என் தவறு. காகிதத்தில் இருந்ததை இரண்டு தடவை படித்தவன், அதில் இல்லாததை யாரிடமும் கேட்கவில்லை. இதை மனைவியிடம் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கரைக்குப் போகும் கடைசிப் படகு எப்போது என்று அவள் கேட்டாள். ஒன்றே முக்காலுக்கு என்றார் ராவுத்தர்.

"அப்ப அதுல என்னைய அனுப்பிச்சுருங்க," என்றாள் என்னிடம். "நீங்க போங்க. நான் ஊருக்குப் போறேன்."

பதினொன்று பன்னிரண்டுக்கே கப்பலில் ஏறியாயிற்று, அதுதானே உள்ளே வந்த நேரம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது நல்ல நேரம்தான் என்றும் எடுத்துக் காட்டினேன்.

"இது வாசல்ங்க. வாசல்ல உக்காந்துக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துட்டோம்னா ஆச்சா? ஏழு நாளு நாம இருக்கப்போற வீடு அந்தா உள்ள இருக்கு." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்துச் சொன்னாள்: "போன தடவ அவ எப்ப உள்ள போனான்னு உங்களுக்குத் தெரியும்ல. நானும் அதே நேரத்துல போயி அவ முன்னால நிக்கவா?"

ராகு காலத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அவள் போகாவிட்டால் மகளுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. போய், ஏதாவது ஒன்று நடந்துவிட்டால், ஆயுசு முழுவதும் இந்த ஒரு மணி நேரத்தைத்தான் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டும் எனக்குத் தெரிந்தது. என் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு ஐம்பது.

ராவுத்தர் தன் டப்பாவிலிருந்து வறுத்த கடலையை எங்கள் பக்கம் நீட்டினார். நான் எடுத்துக்கொண்டேன். அவள் எடுக்கவில்லை. பொட்டலத்தின் முடிச்சை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தாள். திடீரென்று கையை நிறுத்தினாள்.

"ஏங்க, ஆளு உள்ள போகக்கூடாதுன்னுதான சொல்றாய்ங்க. பொட்டலம் போகலாம்ல?"

எனக்குப் புரிவதற்கு முன்னால் ராவுத்தருக்குப் புரிந்துவிட்டது. அவர் தெருவிலும் எல்லாச் சாதிக்காரரும் இருந்தார்கள். பரஸ்தானம் வைப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கயிற்றருகே போய், எங்கள் அறைப் பக்கத்துக்குப் பொறுப்பான பட்லரைக் கூப்பிட்டு இந்துஸ்தானியில் பேசினார். பட்லர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். சாமான் எதுவும் இப்போது உள்ளே வரக்கூடாது என்றாராம். இவர் இன்னும் ஏதோ சொன்னார். பட்லர் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தார், கயிற்றை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தார். ஒருவர் மட்டும், ஒரு நிமிஷம் மட்டும். அதுவும் அவருக்குத் தெரிந்தவர் என்பதால் ராவுத்தர்தான் போகலாம்.

"என்னண்ணே சொன்னீங்க அவருகிட்ட?" என்று என் மனைவி கேட்டாள்.

"பேறுகாலத்துக்குப் போற சாமான்னு சொன்னேன். அவனுக்கும் மூணு புள்ளைக இருக்கு தங்கச்சி."

அவள் எழுந்து நின்று பொட்டலத்தை இரண்டு கைகளாலும் கொடுத்தாள். வலது காலை முதலில் வைக்க வேண்டும், பொட்டலத்தைத் தரையில் வைக்கக்கூடாது, கிழக்கு பார்த்து வைக்க வேண்டும் என்று மூன்று விஷயம் சொன்னாள். அவர் முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்.

"கிழக்குதான் கஷ்டம். நங்கூரத்துல கெடந்து கப்பல் சுத்திக்கிட்டே இருக்கு. நான் கிழக்க பாத்து வச்சா, நீ உள்ள வாரப்ப அது தெக்க பாத்துக்கிட்டு இருக்கும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பப் பினாங்கப் பாத்து வைங்கண்ணே. கப்பல் தலை அங்கிட்டுத்தான போகும்?"

அவர் கயிற்றைக் குனிந்து கடந்து உள்ளே போனார். நான் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். மேல்தளத்துச் சுவரில் இருந்த கப்பல் கடிகாரம் என்னுடையதைவிட நான்கு நிமிஷம் முன்னால் ஓடியது. அதுவும் ஒன்றரையைத் தொடுவதற்குள் அவர் உள்ளே போயிருக்க வேண்டுமே என்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். அவர் திரும்பி வந்தபோது வேட்டியின் ஓரம் நனைந்திருந்தது.

"வச்சாச்சு. கீழ்ப் படுக்கையில, தலைமாட்டுல. உள்ளெல்லாம் சோப்புத் தண்ணி. எடது காலு வழுக்கிக் கீழ விழப் பாத்தேன். வலது காலு வழுக்கல தங்கச்சி, அதுக்கு நான் பொறுப்பு."

அவர் திரும்பி வந்த நேரத்திலிருந்து, நடந்து வந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தேன். என் கடிகாரப்படி ஒன்று இருபத்திரண்டு. கப்பல் கடிகாரப்படியும் ஒன்று இருபத்தாறுதான். என் மனைவி அதைக் கேட்டபின் உட்கார்ந்தாள். கடலை இருக்கிறதா என்று ராவுத்தரிடம் கேட்டு வாங்கித் தின்றாள். ஒன்றே முக்காலுக்குப் படகு எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு மணிக்குக் கயிற்றை அவிழ்த்தார்கள். இரண்டு நான்குக்கு எங்கள் அறையைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் பாதி இருக்கும். மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, வட்டமாக ஒரு ஜன்னல். ஈரத் தரை. கீழ்ப் படுக்கையின் தலைமாட்டில் மஞ்சள் பொட்டலம் இருந்தது. வெற்றிலையின் ஈரம் விரிப்பில் படாதிருக்கவோ என்னவோ, அதற்கு அடியில் ஒரு சலவைத் துண்டை மடித்துப் போட்டிருந்தார் பட்லர். என் மனைவிக்கு அது மரியாதையாகப் பட்டது. தன் வீட்டுக்குள் நுழைகிறவள்போலச் சாதாரணமாக உள்ளே போய், பெட்டிகள் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டாக்டர் வந்து நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், பொட்டலத்தையும் ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

கப்பல் நகர்ந்த பிறகு டைரியை எடுத்தேன். பென்சிலில் இருந்த பதினொன்று இருபதை ரப்பரால் அழித்தேன். அந்த இடத்தில் இரண்டு நான்கு என்று மையால் எழுதப் பேனாவைத் திறந்தபோது அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாம உள்ள வந்தது எத்தன மணிக்கு?"

தலைமாட்டில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணு இருபத்திரண்டு," என்றேன்.

"எழுதிக்கங்க."

எழுதினேன்.

சித்திரையில் பேத்தி பிறந்தாள். நர்ஸ் கொண்டுவந்த வெள்ளைத் துணியை வாங்கி வைத்துவிட்டு, என் வேட்டியில்தான் அவளைப் பொதிந்தார்கள். ஜாதகம் கணிக்க நேரம் வேண்டும் என்று என் மனைவி முன்கூட்டியே சொல்லியிருந்ததால், நான் அறை வாசலிலேயே கடிகாரத்தோடு நின்று, அழுகைச் சத்தம் கேட்ட நிமிஷத்தைக் குறித்தேன். ராகு காலம் முடிய இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள்.