கடலுக்குப் போட்ட கதவும் இரண்டாம் மாடிக் கதவும்

திருப்பூரிலிருந்து அந்த நாட்களில் வெளிநாடு போனவர்கள் யாரும் ஊர் பார்க்கப் போகவில்லை. துணி காட்டப் போனார்கள். வேலம்பாளையத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி முதலாளியோடு நெதர்லாந்து போனதும் சாம்பிள் பெட்டியைத் தூக்கத்தான். அவருக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வரும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார், நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

அங்கே எங்கள் துணியை வாங்குகிற பையர், நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரத்தில் ஒரு மனிதர். சாம்பிளைத் தடவிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், தலையாட்டினார். ஆர்டரைப் பற்றி வாயே திறக்காமல், எங்கள் நாட்டில் கடலுக்குக் கதவு போட்டிருக்கிறோம், பார்த்துவிட்டு வரலாம் என்று காரில் ஏற்றிவிட்டார். ஆர்டர் உண்டா இல்லையா என்று தெரியாமல் கடலை ரசிக்கிற மனசு எங்கள் முதலாளிக்கு வாய்க்கவில்லை. வழி நெடுக குரங்குக் குல்லாவுக்குள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அதனால் ஆறு கடலில் சேரும் இடத்தில், கரைக்கு ஒன்றாக இரண்டு ராட்சச இரும்புக் கதவுகளைச் செய்து வைத்திருக்கிறார்கள். புயலில் கடல் பொங்கினால் இரண்டும் மிதந்து வந்து நடு ஆற்றில் சேர்ந்து, வயிற்றில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு அடியில் உட்கார்ந்துவிடும். இதைப் பார்க்கக் கிழவர்களும் கிழவிகளும் டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றார்கள். நம் ஊரில் இப்படி ஒன்று இருந்தால் எதிரில் ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடையாவது இருந்திருக்கும்.

வழிகாட்டி இளைஞன் புயலைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்க, முதலாளி அவனுடைய டீஷர்ட்டின் கீழ்மடிப்பைத் திருப்பித் தையலைப் பார்த்தார். குற்றம் சொல்ல முடியாது. திருப்பூர்க்காரர் சாமி கும்பிடப் போனாலும் முன்னால் நிற்பவரின் தையலைத்தான் முதலில் பார்ப்பார். அந்தப் பையன் அதை எங்கள் ஊர் வணக்கம் என்று நினைத்துவிட்டான் போல. அவனும் மரியாதையாக முதலாளியின் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்து ஒரு முறை ஆட்டினான்.

இந்தக் கதவை எத்தனை தடவை மூடுவார்கள் என்று என்னைக் கேட்கச் சொன்னார் முதலாளி. நிஜப் புயலுக்கு மூடுவது அபூர்வம், ஆனால் வேலை செய்கிறதா என்று பார்க்க வருடம் தவறாமல் ஒரு முறை மூடித் திறப்போம் என்றான் பையன். முதலாளிக்கு வயிறு எரிந்தது. அரை மணி நேரம் கரண்ட் போய் மெஷின் நின்றாலே மாத்திரை போடுகிறவர் அவர்.

"ஏனுங்க, இத்தாப் பெரிய மெஷினு, வருசம் பூரா ஐடிலாவா நிக்குது?" என்று பையனிடமே தமிழில் கேட்டார். முதலாளி வியந்து போயிருக்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

பக்கத்துக் காபிக் கடையில்தான் பையர் விஷயத்துக்கு வந்தார். எங்கள் கம்பெனியைச் சோதிக்க வந்த ஆடிட் ஆள், இரண்டாம் மாடியின் பின்கதவு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார். தீப்பிடித்தால் ஜனங்கள் எந்த வழியாக ஓடுவார்கள்? என்றோ ஒரு நாளைக்காக நாங்கள் கடலுக்கே கதவு வைத்திருக்கிறோம், நீங்கள் ஒரு கதவைத் திறந்து வைக்கக் கூடாதா என்று கேட்டார்.

சாவி எப்போதும் வாட்ச்மேனிடம் தயாராக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார் முதலாளி. அந்த இரண்டாம் மாடியில், அந்தக் கதவுக்குப் பக்கத்து மெஷினில், தெற்கேயிருந்து என்னோடு பிழைக்க வந்த என் அக்கா ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்த பீஸ்களை யாராவது திருடிவிடுவார்கள் என்று பயந்துதான் பூட்டு என்று மாடி முழுவதும் பேச்சு. ஒரு தீக்குச்சி போதும் என்று நினைத்து நினைத்து எனக்குப் பல நாள் சோறு இறங்கியதில்லை. சாவியைப் பற்றிச் சொன்னேன். கூடவே, என் அக்கா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், தயவுசெய்து திறக்கச் சொல்லுங்கள் என்றும் ஆங்கிலத்தில் சேர்த்துக்கொண்டேன். நான் நன்றாகப் பேசுவதாக நினைத்து முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டினார்.

பையர் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். கதவைத் திறந்தால் ஆர்டர் என்றார்.

ஊருக்கு வந்த மறுநாளே முதலாளி மாடிக்கு வந்தார். பின்கதவை மறைத்து அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகளை நகர்த்தினார்கள். சாவி சேரவில்லை. பூட்டை உடைத்தார்கள். தையல்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒரு கதவைத் திறக்க வைத்துவிட்ட பெருமையில் நான் அக்கா பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. வெளியே படிக்கட்டு இல்லை. நேர் கீழே, ஜெனரேட்டர் ஷெட்டின் தகரக் கூரை.

முதலாளி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "கட்டும்போது ஸ்டெப்ஸு அப்புறமா வெச்சுக்கலாம்னு உட்டுட்டோம். ஆராச்சும் உழுந்துருவாங்கன்னுதான் கண்ணு பூட்டி வெச்சது" என்றார், என் முதுகைத் தட்டி.

அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கீழே எட்டிப் பார்த்தாள். அப்புறம் தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "பூட்டிக் கெடந்தப்போ, வழி இருக்குன்னாவது நெனச்சிட்டு இருந்தோம்லடா."