வரைந்தவர் தெரியவில்லை

ஒரு படைப்பைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பவர், படைத்தவரின் பெயரையும் கூடவே வைக்க வேண்டும் என்கிறது அவுஸ்திரேலியப் பதிப்புரிமைச் சட்டம். கொழும்பில் நிர்வாக சேவையிலும் பிறகு மெல்பேர்ணில் தபால் பிரிக்கும் வேலையிலும் இருந்து ஓய்வுபெற்றவன் நான்; சட்டங்களை வாசிப்பது என் பொழுதுபோக்கு. இந்தக் குளிர்காலத்தில், பழைய துண்டுப்பிரசுரங்களின் கண்காட்சி நடந்த ஒரு நகரசபைக் கலைக்கூடத்துக்குள் மழைக்கு ஒதுங்கினேன். சுவரில், கண்ணாடிக்குள்ளிருந்து என் முகமே என்னைப் பார்த்தது. கீழே, 'பங்க் இசைத் துண்டுப்பிரசுரம், 1986. வரைந்தவர் தெரியவில்லை' என்றிருந்தது.

வரைந்தவள் என் மகள் கலா. மதுக்கடைகளில் கத்திப் பாடும் பங்க் குழுக்களுக்குக் கறுப்பு மையால் விளம்பரம் வரைந்து, போட்டோக்கொப்பி எடுத்து, விளக்குக் கம்பங்களில் ஒட்டித் திரிந்த வயது அவளுக்கு. யாழ்ப்பாணத்து மதில்களில் பார்த்த மரண அறிவித்தல்கள்தான் மாதிரி. தடித்த கறுப்புக் கரை, நடுவில் என் கடவுச்சீட்டு முகம், கீழே நாள், நேரம், இடம். டண்டினோங் சந்தைக்குப் போன நண்பர் நவரத்தினம் அதைக் கண்டுவிட்டார். வீட்டுக்குத் தொலைபேசி எடுக்க மனம் வரவில்லையாம். வெள்ளை வேட்டி கட்டி, மனைவியையும் கூட்டிக்கொண்டு, குறித்த நேரத்துக்கு அந்த மதுக்கடைக்கே போனார். அங்கே சவப்பெட்டியும் இல்லை, ஐயரும் இல்லை. மயிரைச் சேவற்கொண்டையாக நிறுத்திய பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தது நான்.

"அறுவானே, நீ இன்னும் சாகேல்லையே?" என்றவர், கதிரையில் இருந்து அழுதார்.

கலா இன்றும் அதே கறுப்புக் கோட்டில்தான் வரைகிறாள். பகலில் பல் வைத்தியரிடம் வரவேற்பாளர் வேலை. எந்தக் கலைக்கூடமும் அவளைச் சுவரில் ஏற்றியதில்லை. நான் கண்டதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப ஒருத்தரும் பெயர் போடுறேல்லை, அப்பா. ஆனா மற்றவையின்ர பெயரை எல்லாம் தேடிப் பிடிச்சுப் போட்டிருக்கினம்தானே? என்ரயும் போட்டா வந்து பாக்கிறன்."

கலைக்கூட அலுவலர் பண்பான பெண். அதை எங்கள் சமூகத்தின் பாரம்பரியக் கலை என்று நினைத்ததால் தனியொருவரைத் தேடவில்லை என்றார். எங்கள் ஊரில் மரண அறிவித்தலில் சம்பந்தியின் பெயர் விடுபட்டாலே வீட்டு வாசல் மிதிக்க மாட்டார்கள் என்றேன். அனுதாபத்துடன் தலையாட்டி, குரலைத் தாழ்த்தி, இறந்தவர் யாரென்று கேட்டார்.

"நான்தான்."

ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். எழுத்தில் விண்ணப்பிக்கச் சொன்னார். கலா வைத்திருந்த மூலப் படத்தின் பிரதியை இணைத்து, உரிய பிரிவைச் சுட்டி அனுப்பினேன்.

பதிலில் மன்னிப்பு இருந்தது. பதிவு நிரந்தரமாகத் திருத்தப்பட்டதாம். வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயர். விண்ணப்பித்தவன் நான் அல்லவா! இனி இந்த நாட்டின் பதிவில் முகமும் என்னுடையது, கையும் என்னுடையது. கலாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லா வரைஞ்சிருக்கிறியள், அப்பா" என்றாள்.

மறுபடி விண்ணப்பித்தாலும் அவள் வந்து பார்க்கச் சுவரில் ஒன்றுமில்லை. கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருந்தது. கடிதம் வந்தது திங்கட்கிழமை, 14 செப்ரெம்பர் 2009.