முத்தத்துக்கு எழாதவள்

சினிமாவிலும் சீரியலிலும் எப்போது பார்த்தாலும் ஒருத்தி தூங்கிக்கொண்டே இருப்பாள். விஷம் குடித்தவள், சாபம் வாங்கியவள், லாரியில் அடிபட்டு மாதக்கணக்காய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவள். இவர்களுக்கெல்லாம் முக அலங்காரம் செய்வதில் மேக்கப் அக்காவை அடித்துக்கொள்ள அந்த ஸ்டுடியோவில் ஆளில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். உதடு காய்ந்து தெரியாமல் இருக்க எதைத் தடவலாம், தலையணையில் முடியை எப்படிப் பரத்தலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டைரக்டர் அவளுக்குச் சொன்ன சட்டம் ஒன்றுதான்: "நோயாளி வேணும்க்கா. நோய் தெரியக் கூடாது."

அதைக் கேட்டு அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவள்தான், தங்கை படியில் விழும்வரை.

தங்கை தையல் கம்பெனியில் சூப்பர்வைசர். முந்நூறு மிஷின் ஓடும் சத்தத்தையும் மீறிப் பேசுவாள். ஒரு மழைநாளில் ஈரப்படியில் வழுக்கிப் பின்மண்டையில் அடி. ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எப்போதாவது கண் திறப்பாள், ஆனால் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மேக்கப் அக்கா தனிக்கட்டை. துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். பஸ் டிரைவரான தங்கை புருஷன் காலை ஷிஃப்ட் முடித்து வரும்வரை அவள் பார்த்துக்கொள்வாள். அவன் வந்ததும் ஸ்டுடியோவுக்கு ஓடுவாள். மூக்குக்குழாயில் கஞ்சி, இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது. தங்கையின் வாய் ஒரு பக்கமாய் இழுத்துத் திறந்தே கிடக்கும். மழித்த தலையில் முடி திட்டுத்திட்டாய் முளைத்திருந்தது. ஸ்டுடியோவில் அவள் படுக்கவைத்த ஒருத்திகூட இப்படித் தூங்கியதில்லை.

தங்கை மகளுக்கு ஆறு வயது. பட்டப்பெயர் வாலு. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு கதை சொல்லியிருக்கிறார்: நூறு வருஷம் தூங்கிய இளவரசி ஒரு முத்தத்தில் எழுந்துவிட்டாளாம். மறுநாளிலிருந்து வாலு பள்ளிக்குக் கிளம்பும்முன் அம்மாவுக்கு முத்தம் கொடுக்க ஆரம்பித்தாள். முதலில் கன்னத்தில், அப்புறம் நெற்றியில். நான்கு நாள் கழித்து, பள்ளி இல்லாத ஒரு காலையில், கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் வந்து நின்றாள்.

"பெரியம்மா, நான் சரியா குடுக்கலையா?"

மேக்கப் அக்கா வடிகட்டிய கஞ்சியையே மறுபடி வடிகட்டினாள். வாலு தானே ஒரு முடிவுக்கு வந்தாள்: கதையில் கொடுத்தது இளவரசன், ஆகவே அப்பாதான் கொடுக்க வேண்டும். அன்று மத்தியானம் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் அவனை இழுத்துவந்தாள். மைத்துனி எதிரில் அவன் கூசி நின்றான். பிறகு குனிந்து மனைவியின் உதட்டில் முத்தமிட்டான்.

கெட்ட நேரம், அந்தக் கணம் பார்த்து அவள் கண் திறந்தாள்.

வாலு குதித்தாள். கட்டிலில் ஏறி அம்மாவின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்தாள். அந்தக் கண்கள் அவளைத் தாண்டிக் கூரையைப் பார்த்தன. வாலு இந்தப் பக்கம் நகர்ந்தாள், அந்தப் பக்கம் நகர்ந்தாள். கண்கள் கூடவே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டன.

அவள் இறங்கி அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "உனக்கு அம்மாவப் பிடிக்கல. அதான்."

அவன் பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினான். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு பதினொரு நாள் வாலு அப்பாவோடு பேசவில்லை.

இந்தக் கதையின் குட்டை உடைத்தால்தான் சரிப்படும் என்று மேக்கப் அக்கா நினைத்தாள். ஒரு சனிக்கிழமை வாலுவை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஷூட்டிங்கில் கதாநாயகன் கையைப் பிடித்து அழுதான், கோமாவில் கிடந்தவள் கண் திறந்தாள். டைரக்டர் "கட்" என்றதும் எழுந்து உட்கார்ந்து தும்மிவிட்டு டீ கேட்டாள். நான்கு தடவை இதே கூத்து. பஸ் நிறுத்தத்தில் வைத்துப் பெரியம்மா விளக்கினாள். அந்த அக்கா தூங்கவே இல்லை, எல்லாம் நடிப்பு, அப்பாமேல் தப்பில்லை என்றாள். வாலு தலையாட்டினாள். புரிந்துவிட்டது என்று பெரியம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை செருப்போடு நேரே கட்டிலுக்குப் போனாள். அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"அம்மா, கட்."

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"கட் சொல்லிட்டேன்மா. போதும், எந்திரி."

சமையலறை வாசலில் அவள் அப்பா கரண்டியும் கையுமாய் நின்றான். தான் செய்த காரியம் மேக்கப் அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இனி மூடி மறைத்துப் பயனில்லை. தங்கையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுத் துணியை விலக்கி, வாலுவைக் கிட்டே கூப்பிட்டாள். உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்.

"இது நடிப்பு இல்ல கண்ணு. அம்மாவுக்குத் தலைக்குள்ள அடி. நாம கூப்பிடுறது அவளுக்குக் கேக்கல. நீ குடுத்தாலும் அப்பா குடுத்தாலும் அவளால எந்திரிக்க முடியாது."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அந்த வீட்டில் யாரும் அதுவரை வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

வாலு அழவில்லை. "வலிக்குமா?" என்றாள்.

"தெரியலம்மா."

குழந்தை குனிந்து அந்தப் புண்ணின்மேல் மெல்ல ஊதினாள். மூச்சு வாங்கி மறுபடி ஊதினாள். பிறகு போய் அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

நாற்பது நாள் கழித்து, சளி நெஞ்சில் கட்டி, ஒரு காலையில் தங்கை போய்விட்டாள். எடுப்பதற்கு முன் வாலுவைத் தூக்கிக் காட்டினார்கள். முத்தம் கொடுத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிக்கொண்டாள்.

மேக்கப் அக்கா அந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். விடுமுறை நாட்களில் சாப்பிட்டபின் பாயில் சற்றுக் கண்ணசந்தால் போதும், ஒரு சின்னக் கை தோளை உலுக்கும். என்ன வேண்டும் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பாள் வாலு. அதனால் இப்போதெல்லாம் பகலில் அந்த வீட்டில் யாரும் படுப்பதில்லை.