இறகு சுரண்டிய சாயங்காலம்

கீழக்கரைக் கடற்காற்றுக்கு எதுவும் ஒட்டி நிற்காது. கதவுக்குப் பூசிய பெயிண்டே உரியும்போது, என் அம்புகளில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் இறகு மட்டும் தாங்குமா? மறுநாள் காலை ராமநாதபுரத்தில் வில்வித்தைத் தேர்வு. என்னிடம் இருந்தவை ஆறே அம்புகள், ஒரு சுற்றுக்குச் சரியாக. துபாயில் வேலை பார்க்கும் என் கூடப்பிறந்த காக்கா, என் கை நீளத்துக்கு வெட்டி வாங்கிவந்தவை. அடுத்தவர் அம்பு எனக்கு உதவாது. எல்லாவற்றிலும் இறகின் ஓரம் கிளம்பி நின்றது. பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டியாக வேண்டும்.

சுரண்டுவதற்குள் உயிர் போய்விடும். தண்டு கார்பன் இழையால் ஆனது. மொட்டைக் கத்தியைப் படுக்கவைத்து, பசையை மட்டும் தள்ள வேண்டும். கத்தி தண்டுக்குள் இறங்கினால் இழை அறுந்துபோகும். அப்படிப்பட்ட அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போதே சிதறி, வில் பிடித்த இடது கையில் ஏறிவிடும்.

ஐந்தை முடித்துவிட்டு அஸர் தொழுகைக்கு எழுந்துபோனேன். திரும்பி வந்தால், கடைசி அம்பு உம்மாவின் மடியில் இருக்கிறது. மீனுக்குச் செதிள் எடுப்பதுபோலக் கத்தியை நிமிர்த்திப் பிடித்து, வாலிலிருந்து தலைப்பக்கமாக வறட்டு வறட்டென்று இழுத்துக்கொண்டிருந்தார்.

"உம்மா! என்ன செஞ்சு வச்சிருக்கீங்க!"

"நீ ஒத்தையாக் கெடந்து அல்லாடுறியேன்னு பாத்தேன்."

பிடுங்கிப் பார்த்தேன். இறகு இருந்த இடத்தில் முடியளவுக்கு ஒரு கறுப்பு இழை எழுந்து நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கத்தியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். தண்டைக் காதருகே கொண்டுபோய் மெல்ல வளைத்தேன். நல்ல அம்பு சத்தம் போடாது. இது சடக்கென்றது, சின்னதாக.

"என்னவாம்?"

"ஒன்னுமில்ல. நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன். ஓர் அம்பு குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அதன் புள்ளி போய்விடும். அப்புறம் தேர்வை மறந்துவிட வேண்டியதுதான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அதை விட மனசில்லை.

உம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு அந்த அம்பை எடுத்து, நான் செய்த மாதிரியே காதருகே வளைத்தார்.

"சத்தம் கேக்குதே. கேட்டா என்னாகும்?"

நான் அம்பை வாங்கக் கை நீட்டினேன்.

"சொல்லு புள்ள."

"கையில குத்தும்."

உம்மா எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். அம்பை வாசற்படியில் சாய்த்துவைத்து ஒரே மிதி. நான் கத்தினேன், அழுதேன், ராத்திரி சோறு வேண்டாமென்று படுத்துவிட்டேன்.

மறுநாள் திடலில், மற்றவர்கள் கடைசி அம்பை நாணில் பூட்டும்போதெல்லாம் நான் வெறுங்கையோடு கோட்டிலிருந்து பின்வாங்கினேன். தேர்வானவர்களில் என் பெயர் இல்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம், உம்மாவை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

கதவைத் திறந்த உம்மா தேர்வைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"இடது கையக் காட்டு" என்றார்.