பாதைத்துறையில் புதைத்த குற்றி

அப்போது எனக்குப் பத்து வயதும் மூன்று மாதமும். அந்த மாரியில் வாவி பெருகி, பாதை கட்டியிருந்த முளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து ஆட்களையும் நெல் மூடைகளையும் ஏற்றிவரும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அதை வடம் பிடித்து இழுப்பது அப்பாவின் வேலை.

"இனி முளை சரிவராது. டெட்மேன் வைப்பம்" என்றார் வேலையை மேற்பார்க்க வந்த ஓவசியர். மரக்குற்றியொன்றைக் கிடையாகப் புதைத்து, அதன் நடுவில் வடத்தைக் கட்டினால், மேலே கிடக்கும் மண்ணே பிடித்துக்கொள்ளும். அந்தக் குற்றிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் செத்த மனிதன். றெயில் எஞ்சினில் ஒரு கைப்பிடிக்கும் அதே பெயராம். சாரதி மயங்கிக் கைவிட்டால் வண்டி தானாக நின்றுவிடும்.

"செத்தவன் றெயிலையும் நிப்பாட்டுவானா?" என்றார் சித்தப்பா.

பனங்குற்றி ஆறடி. குழி நாலடி ஆழம். மண் மூடும்போது சித்தப்பா மறுபடியும், "தலை எந்தப் பக்கம் அண்ணன், தெக்காலதானே?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்திருந்த அம்மா தட்டை மணலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மாவின் தம்பியை, என் மாமாவை, ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் அப்போது ஐந்து மாதம். எந்த முகாமில் கேட்டாலும் இங்கே இல்லை என்றுதான் பதில்.

மறுநாள் காலை ரோந்து வந்த சிப்பாய்கள் புது மண்ணைக் கண்டு நின்றார்கள்.

"என்ன தாட்டது?"

"மரம் ஐயா. பாதை கட்டுற மரம்."

"தோண்டு."

அப்பா தோண்டினார். முதுகுக்குப் பின்னால் துவக்கு. அவர்கள் நம்பாவிட்டால் அப்பாவும் மாமாவைப் போல வராமல் போவார் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. செய்தி கேட்டு அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தார்.

மண்வெட்டி மரத்தில் பட்டது. ஒரு சிப்பாய் துவக்கின் அடியால் குற்றியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். போய்விட்டார்கள்.

அம்மா மட்டும் குழிக்குள் இறங்கினார். குற்றியின் சேற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் வழித்தார். பிறகு அப்பாவிடம், "இதுக்குக் கீழ ஒண்டும் இல்லத்தானே?" என்றார்.

"மரம்தான் புள்ள. மேல வா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "நேத்துத் தேத்தண்ணி கொண்டுவந்தப்ப நீங்களும் குழியப் பாத்ததானேம்மா, மறந்து போச்சா?" என்றேன்.

என்னை ஒருநாளும் அதட்டாத அப்பா அன்றுதான் அதட்டினார். எதற்கென்று தெரியாமல், அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.